வாழைப்பழம் கொடுத்து வாங்கிய படம்



ஓணம் விடுமுறை நாளொன்றில் அம்பூரியில் ஒரு வீட்டாரின் அழைப்பை ஏற்று இரவு உணவிற்குச் சென்றிருந்தேன். ரப்பர் மரங்கள் சூழ்ந்த சரிவில் அமைந்த வீடு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தார். கோடை விடுமுறையில் அவர்கள் இரண்டு வாரங்கள் இலங்கையை வாகனத்திலேயே சுற்றி வந்தவர்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உண்டு முடித்த பின்பு, எடுத்துவந்த புகைப்படங்களைத் தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார்.

ஆயிரத்திற்கு மேற்பட்ட படங்கள்! மலைகள், ஏரிகள், மயில்கள், மான்கள். அவற்றுள் ஒன்று வந்தபோது வீடே ஆரவாரித்தது. காட்டு யானை ஒன்று வாகனத்தின் ஜன்னல் வழியே துதிக்கையை உள்ளே நீட்டுகிறது. பின்னிருக்கையில் சிறுமி பாதி அச்சமும் பாதி சிரிப்புமாய்ச் சுருண்டு கிடக்கிறாள். எல்லாரும் வியந்து பாராட்டினோம். அப்பொழுது, மூலையில் அமர்ந்திருந்த பாட்டி மட்டும் அமைதியாய் ஒரு கேள்வி கேட்டார்.

"மக்களே, வண்டிக்குள்ள கைய நீட்டணும்னு அந்த ஆனைக்கு யாரு படிச்சுக் குடுத்தா?"

மகன் தயங்கினார். "முன்னால நின்ன வண்டிக்காரங்க பழம் குடுத்தாங்கம்மா. நாங்களும் ரெண்டு பழம்..." என்று தொடங்கியவர் முடிக்காமலே அடுத்த படத்திற்குப் போய்விட்டார்.

அந்தக் கேள்வி அன்றிரவு என்னோடு வீடு வந்தது. நகரங்களில் குடியேறி, ஆண்டுக்கொரு முறை பிள்ளைகளோடு நெடும்பயணம் புறப்படுகிற உங்களோடு அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நம் மலையும் அந்தத் தீவும்

வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் தூரதேசங்களே நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் குடும்பமாய் வாகனத்தில் சுற்றி, இயற்கையையும் வனவிலங்குகளையும் படமெடுக்க விரும்புகிறவர்களுக்கு இலங்கையைப்போல் ஏற்ற அயல்நாடு வேறொன்று இல்லை எனலாம். நம்மைப்போலவே சாலையின் இடப்புறம் செல்லும் நாடு. பல இடங்களில் நம் மொழியிலேயே வழி கேட்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைகளையும் இலங்கையையும் உயிரின வளம் மிகுந்த ஒரே பகுதியாகவே அறிவியலாளர் கணக்கிடுகின்றனர். முற்காலத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது இவ்விரு நிலங்களும் தரைவழியாய் இணைந்திருந்தன. எனவே அம்பூரியின் திரவியப்பாறையில் நின்று நீங்கள் காண்கிற மலைக்காடுகளுக்கும், நுவரெலியாவைச் சூழ்ந்த காடுகளுக்கும் உறவு உண்டு. குமரி மலைகளில் நாம் 'மிளா' என்றழைக்கும் பெரிய மானை அங்குள்ள தமிழர் 'மரை' என்பர்.

வேறுபாடுகளும் உண்டு. அங்கே புலி இல்லை; சிறுத்தையே காட்டின் அரசன். அங்குள்ள ஆண் யானைகளில் பெரும்பாலானவற்றிற்குத் தந்தம் இல்லை. இவற்றைப் பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிக்கொடுங்கள். தான் எதைப் பார்க்கிறோம் என்று அறிந்த பிள்ளையின் படமும் தனித்து நிற்கும்.

பாதையும் நேரமும்

கொழும்பிலிருந்து புறப்பட்டு, வில்பத்து, மின்னேரியா, கண்டி, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, அப்புத்தளை, கொஸ்லாந்தை, புத்தள, கதிர்காமம், யால என்று சுற்றி, தென்கரை வழியாய்த் திரும்பினால் ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் ஆகும். வரைபடத்தில் சிறிதாய்த் தெரிந்தாலும் மலைப்பாதைகளில் மணிக்கணக்கில் செல்ல நேரிடும். ஆகையால் பத்து நாட்களுக்குக் குறைவாய்த் திட்டமிடாதீர்கள். நம் ஓட்டுநர் உரிமம் மட்டும் அங்கே போதாது. அந்நாட்டு அனுமதியும் வேண்டும். ஓட்டுநரோடு சேர்த்து வாகனத்தை வாடகைக்கு அமர்த்துவது பல குடும்பங்களுக்கு எளிது.

படமெடுப்பவனுக்குக் கடிகாரம் கேமராவைவிட முக்கியமான கருவி. விடியற்காலை முதல் 9 மணி வரையும், மாலை 4 மணிக்குப் பின்பும் கிடைக்கும் சாய்வான ஒளியே நிலத்திற்கு வடிவம் கொடுக்கிறது. உச்சிவெயிலில் விலங்குகள் நிழலில் படுத்துவிடும்; நீங்களும் அவ்வேளையில் உண்டு, உறங்கி, பயணம் செய்யுங்கள்.

வில்பத்து அந்நாட்டின் மிகப்பெரிய தேசியப் பூங்கா. 'வில்லு' எனப்படும் இயற்கை நீர்நிலைகளின் ஓரத்தில் காத்திருந்தால் கரடியும் சிறுத்தையும் நீர் அருந்த வரக்கூடும். போர்க்காலத்தில் நெடுநாள் மூடப்பட்டிருந்த இப்பூங்கா 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. மின்னேரியாக் குளம் 3ஆம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. கோடையில் நீர் வற்றி, கரையில் இளம்புல் முளைக்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் நூற்றுக்கணக்கான யானைகள் அங்கே கூடுகின்றன. ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்குள்ள 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பாறை விளிம்பை விடியலிலேயே சென்று பார்த்துவிட வேண்டும். காலை 9 அல்லது 10 மணிக்கெல்லாம் மூடுபனி எழுந்து பள்ளத்தாக்கை மறைத்துவிடும். யாலவின் முக்கியப் பகுதி வறட்சியினிமித்தம் வழக்கமாகச் செப்டம்பரில் சில வாரங்கள் மூடப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாகனத்திலிருந்து படமெடுக்கும் முறை

விலையுயர்ந்த கேமரா இல்லையே என்று வருந்த வேண்டாம். செல்போனும் நிலக்காட்சிகளை அழகாய்ப் பதிவு செய்கிறது. தொலைவிலுள்ள விலங்கைப் பெரிதாக்குவதில்தான் அது தடுமாறும். ஆகவே செல்போன் வைத்திருப்பவர் விலங்கின் முகத்தைத் தேடாமல், அது நிற்கும் இடத்தையும் சேர்த்து எடுக்கட்டும். மரமும் நீரும் வானமும் சூழ நிற்கும் சிறிய யானை, சட்டம் நிறைந்த யானையைவிட அதிகம் பேசும்.

தொலைநோக்கு லென்ஸ் வைத்திருப்பவர் ஒரு துணிப்பையில் பயறு நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். ஜன்னல் விளிம்பில் அப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் கை நடுங்காது. வாகனத்தின் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். அதன் அதிர்வு படத்தை மங்கலாக்கும், அதன் சத்தம் விலங்கைக் கலைக்கும். நிற்கும் விலங்கிற்கு ஒரு நொடியில் 250இல் ஒரு பங்கும், ஓடும் விலங்கிற்கு 1,000இல் ஒரு பங்கும் ஷட்டர் வேகம் வைத்துத் தொடங்குங்கள். கண்ணில் குவியம் இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

குடும்பத்திற்கென்று மூன்று ஒழுங்குகளையும் சொல்கிறேன். முதலாவது, வாகனம் ஓட்டுகிறவர் படமெடுக்கக்கூடாது. இரண்டாவது, சிறுவர்க்கும் கேமராவில் முறை உண்டு. அந்நாட்களில் ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படங்கள் என்ற கணக்கு நமக்கு இருந்ததல்லவா? அதேபோல் ஒரு நாளைக்கு 36 என்று பிள்ளைகளுக்கு அளவு கொடுத்துப் பாருங்கள். அவர்கள் பார்த்துப் பார்த்து அழுத்துவார்கள். மூன்றாவது, ஒரு விலங்கைக் கண்டவுடன் முதல் ஒரு நிமிடம் எவரும் கேமராவைத் தொடாமல் கண்ணால் மட்டும் பாருங்கள். படம் கிடைக்காமல் போனாலும் அந்த ஒரு நிமிடம் உங்களுடையதாகவே இருக்கும்.

துப்பாக்கி சென்ற வழி

அப்புத்தளை வழியே செல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரு பழைய வரலாற்றைச் சொல்லுங்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் என்றொரு அதிகாரி இம்மலைநாட்டில் இருந்தார். சாலைகள் அமைத்தவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆயினும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்றே அவர் இன்று நினைக்கப்படுகிறார். அக்காலத்தில் யானையைக் கொல்வது பொழுதுபோக்காய் இருந்தது. அரசும் வெகுமதி கொடுத்து ஊக்குவித்தது. 1845இல் அப்புத்தளையில் இடி தாக்கி அவர் மரித்தார். ஒருகாலத்தில் யானைகள் உலாவிய ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானையும் இல்லை.

துப்பாக்கிக்குப் பதிலாகக் கேமராவைத் தூக்கியவர்கள் பின்னர் வந்தனர். நம் திருநெல்வேலியில் 1912இல் பிறந்த மா. கிருஷ்ணன் அவர்களுள் தலைசிறந்தவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், 1996இல் மறையும்வரை காட்டுயிர்களைப் பற்றி எழுதியும் கறுப்பு வெள்ளைப் படங்களாய்ப் பதிவு செய்தும் வந்தார். காட்டு யானைகளைத் தேடி அவர் சென்றது முதுமலைக் காடுகளில், பழக்கப்பட்ட யானையின் முதுகில் அமர்ந்து. விலங்கு தன் இடத்தில் தன் இயல்பில் இருக்கும் நிலையே அவருக்குப் படம்.

கேமரா எவரையும் கொல்வதில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது எப்போதும் உண்மைதானா? இதற்குப் பின்னர் வருகிறேன்.

நிலக்காட்சிக்குள் இருக்கும் மனிதர்

அதற்கு முன் நிலக்காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. நுவரெலியாவின் தேயிலைத் தோட்டங்கள் பச்சைக் கம்பளமாய்க் கண்ணைப் பறிக்கும். கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்களைக் கண்டதும் வாகனத்தை நிறுத்திக் கேமராவை நீட்டத் தோன்றும். சற்றே பொறுங்கள். அவர்கள் யார்?

1820களிலிருந்து, முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் 1867க்குப் பின் தேயிலைக்கும், நம் மாவட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட தமிழரின் சந்ததியார் அவர்கள். கடல் கடந்து, காட்டுவழியே நடந்து சென்றவர்களில் அநேகர் வழியிலேயே மாண்டனர். 1948இல் நிறைவேறிய சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டு அரசுகளும் செய்த உடன்படிக்கையால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். அப்படித் திரும்பியவர்களில் சிலர் குமரி மாவட்டத்து அரசு ரப்பர் தோட்டங்களில், அம்பூரிக்கு வெகுதொலைவில் அல்லாத மலையடிவாரங்களில், இன்றும் வாழ்கின்றனர். அங்கேயே தங்கி எஞ்சியிருந்தோர்க்கு 2003இல்தான் முழுமையாய்க் குடியுரிமை கிடைத்தது.

எனவே வாகனத்திலிருந்து இறங்குங்கள். கேமராவைத் தோளில் தொங்கவிட்டு, முதலில் "வணக்கம் அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்று தமிழில் கேளுங்கள். கொழுந்தின் எடையைப் பொறுத்தும் கூலி அமைவதால் அவர்களுடைய நேரம் விலையுள்ளது. அனுமதி கேட்டு எடுங்கள். மறுத்தால் மகிழ்ச்சியோடு விட்டுவிடுங்கள். எடுத்தால், செல்போன் எண் வாங்கி அப்படத்தை அவர்களுக்கே அனுப்புங்கள்.

அப்புத்தளையிலிருந்து இறங்கினால் கொஸ்லாந்தைக்கு அருகே தியலும நீர்வீழ்ச்சி வருகிறது. ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அதன் முன்னால் நின்று படமெடுக்காதவர் இல்லை. அதே கொஸ்லாந்தைப் பகுதியில், மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா புயலின்போதும் இம்மலைநாட்டில் நிலச்சரிவுகள் பல உயிர்களைக் கொண்டுபோயின. மழைக்காலத்தில் இப்பாதைகளின் நிலையை விசாரித்த பின்பே புறப்படுங்கள்.

அம்பூரிக்கு இது புதிய செய்தியல்ல. நாங்கள் 'உருள்பொட்டல்' என்று சொல்லும் அந்தச் சரிவு, 2001 நவம்பர் 9 இரவில் கனமழைக்குப் பின் இவ்வூரில் இறங்கி, ஏறக்குறைய நாற்பது பேரைக் கொண்டுபோயிற்று. இன்று அம்மலையைப் பார்க்கிற வெளியூரார்க்கு அது பசுமையான ஒரு காட்சி. இவ்வூராரின் கண்களுக்கோ அதற்குள் பெயர்களும் முகங்களும் உண்டு. எந்த நாட்டின் மலையைப் படமெடுத்தாலும், அதற்குள் யாரோ ஒருவருடைய வீடு இருக்கிறது என்பதை மறவாதிருங்கள்.

பழத்திற்குக் கொடுக்கப்படும் விலை

இப்பொழுது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன்.

புத்தளையிலிருந்து கதிர்காமம் செல்லும் சாலை காட்டின் நடுவே செல்கிறது. அங்கே சில ஆண் யானைகள் சாலையோரம் வந்து நின்று வாகனங்களை எதிர்பார்க்கும். பயணிகளும் யாத்திரிகரும் ஜன்னல் வழியே பழம் நீட்டி நீட்டிப் பழக்கிய பழக்கம் இது. பழம் கொடுத்தால் யானை அருகே வரும்; அருகே வந்தால் படம் கிடைக்கும். முதல் வாகனம் மகிழ்ச்சியோடு போய்விடும். பத்தாவது வாகனத்தில் பழம் இருக்காது. துதிக்கை உள்ளே தேடும். கண்ணாடி உடையும். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள். யாலவில் 'ஜெமுனு' என்று பெயர் பெற்ற ஒரு தந்தமுள்ள யானை, உணவு தேடி ஜீப்புகளுக்குள் துதிக்கையை விட்டதையும் உலகமே வியந்து பார்த்தது.

அதன் பின் என்ன நடக்கும்? 'தொல்லை கொடுக்கும் யானை' என்ற பெயர் வரும். விரட்டுவார்கள், பிடிப்பார்கள், இடம் மாற்றுவார்கள்; சில வேளைகளில் துப்பாக்கிக் குண்டும் பாயும். 2011இல் எடுத்த கணக்கின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் அங்கே மடிந்தன. அதே ஆண்டில் 150க்கு மேற்பட்ட மனிதரும் யானைகளால் உயிரிழந்தனர். இவையெல்லாம் பழம் கொடுத்ததால் நேர்ந்தவை அல்ல. காடு குறைந்ததும் வயல் பெருகியதுமே பெருங்காரணங்கள். ஆனால் மனிதனைக் கண்டு விலக வேண்டிய விலங்கு, மனிதனைத் தேடி வரும்படி கற்பிப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதல்லவா?

அரிக்கொம்பனை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்து அரிசி தின்று, அரிசியாலேயே பெயர் பெற்ற யானை அது. 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்திற்குள் கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5 அன்று மீண்டும் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல் கோதையாறுப் பகுதியில் விட்டார்கள். அம்பூரியை ஒட்டிய நெய்யாறு சரணாலயம் அக்காட்டிற்கு அண்டைக் காடு. மனித உணவின் சுவை ஒரு யானையை அதன் கூட்டத்திலிருந்து பிரித்து, லாரியில் ஏற்றி, எங்கள் மலைக்கு மறுபுறம் கொண்டுவந்து சேர்த்தது.

நானும் குற்றமற்றவன் அல்லன். வேதாகமக் கல்லூரி நாட்களில், நண்பரிடம் இரவல் வாங்கிய கேமராவோடு மலைப்பாதையில் சென்றபோது, குரங்குகளை அருகே வரவழைக்க நிலக்கடலை வாங்கி இறைத்திருக்கிறேன். நல்ல படங்கள் கிடைத்தன. மறுமுறை அவ்வழியே சென்றபோது, அதே வளைவில் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் உணவுப் பையைக் குரங்கிடம் பறிகொடுத்து அழுதுகொண்டு நின்றான். நான் இறைத்த கடலைக்கு அவன் விலை கொடுத்தான். அந்தப் படங்களை அதன்பின் எவருக்கும் காட்டியதில்லை.

ஆகவே பயணம் புறப்படுமுன் குடும்பமாய் அமர்ந்து தீர்மானியுங்கள். எந்த விலங்கிற்கும் உணவு கொடுக்கமாட்டோம். இன்னும் அருகே போகும்படி ஜீப் ஓட்டுநரை வற்புறுத்தமாட்டோம். சிறுத்தையைக் கண்ட இடத்திற்கு வாகனங்கள் முண்டியடித்து ஓடுவதற்கு நம்மைப்போன்றோரின் அவசரமே காரணம். யானை காதுகளை விரித்து, தலையை உயர்த்தி நம்மையே நோக்கினால், நாம் அதிகமாய் நெருங்கிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்குவோம். சாலையில் யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, அது விலகும்வரை காத்திருப்போம். அரிய விலங்கைக் கண்ட இடத்தை ஊரறியப் பரப்பமாட்டோம். இத்தீர்மானங்களால் சில படங்கள் உங்களுக்குக் கிடைக்காமற்போகும். போகட்டும்.

சுவரில் தொங்கும் படம்

அம்பூரி வீட்டில் அன்றிரவு கடைசியாய்த் திரையில் வந்தது, பன்னிரண்டு வயதுப் பேரன் செல்போனில் எடுத்த படம். மின்னேரியாக் குளத்தின் பரந்த கரை. அதில் யானைகள் எறும்புகளைப்போல் சிறிதாய்த் தெரிந்தன. வெண்கொக்குகள் புள்ளிகளாய்ச் சிதறியிருந்தன. "இதுல ஒண்ணும் தெரியலையே" என்று மகன் கடந்துபோக முற்பட்டார். பாட்டியோ எழுந்து, திரைக்கு அருகே சென்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரலால் தேடினார்.

"இந்தா நிக்குது பாரு குட்டி! தள்ளைக்க காலுக்கு இடையில!"

பிள்ளைகள் இருவரும் ஓடிவந்தனர். அடுத்த கால் மணி நேரம், அந்த ஒரே படத்தில் எத்தனை குட்டிகள் என்று எண்ணுவதில் கழிந்தது. பேரன் ஒன்பது என்றான். பாட்டி பதினொன்று என்று சாதித்தார்.

கிறிஸ்துமஸ் வேளையில் மறுபடியும் அவ்வீட்டிற்குச் சென்றேன். கூடத்துச் சுவரில் ஒரு புகைப்படம் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. ஜன்னலுக்குள் துதிக்கை நீட்டிய யானையாய் இருக்குமோ என்று அருகே சென்று பார்த்தேன். இல்லை, மின்னேரியாக் கரைதான். கண்ணைச் சுருக்கி நானும் எண்ணத் தொடங்கினேன்.